ரெண்டு கேட்டுக்கு நடுவே ஒரு கிரேன்

கிரேன் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைத்துவிடும். மொய் எழுதுகிறவர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என் சட்டைப் பையையே பார்ப்பார். என்னிடம் இருப்பது மூன்று வண்டி. ஒன்று பைனான்ஸ்காரருக்குச் சொந்தம். ஒன்று ஷெட்டில் வயிறு திறந்து கிடக்கிறது. மூன்றாவது, இதை எழுதுகிற நேரத்தில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் போகட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறது. இதையெல்லாம் மொய் நோட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆயிரத்தொன்று எழுதிவிட்டு வந்தேன்.

கொருக்குப்பேட்டையில் பிறந்தவனுக்கு ரயில்வே கேட் புதுசில்லை. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸும் தண்டையார்பேட்டை யார்டுக்குத் திரும்புகிற கூட்ஸும் எங்களைக் கேட்டுக்கொண்டா ஓடுகின்றன? பள்ளிக்கூடத்துக்கு லேட்டானால் 'கேட் போட்டுட்டாங்க மிஸ்' என்போம். மிஸ்ஸும் அதே கேட்டில் நின்று வந்தவர்தான், மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தெரியாத ஹைட்ரா கிரேனை எட்டு மணி ஷிப்டுக்கு எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவனின் கணக்கே வேறு. கனரக வண்டிகளுக்கான காலைத் தடை நேரம் தொடங்குவதற்குள் மெயின் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்கு நாலரைக்கே ஷெட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி வரிசை. அந்த வரிசையில் டிரைவர்கள் அடுப்புப் பற்றவைத்துச் சோறே ஆக்கிவிடுவார்கள். மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை வருகிறது என்று 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் வேலை நின்றது. 2022 மே மாதம் அதே சாலைக்கு, இந்த முறை இரண்டு அடுக்காக, மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். இத்தனை அடிக்கல்லையும் தூக்கி வைக்க யாராவது ஒரு கிரேன்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள் அல்லவா, அவனுக்காவது பில் பாஸாகியிருக்கட்டும்.

ரயில்வே கேட்டாவது எப்போதாவது திறக்கும். என் பிரச்சினை மறுமுனையில் இருக்கிற கம்பெனி கேட்.

போன மாதம் ஒருநாள் காலை ஏழே முக்காலுக்கு ஆபரேட்டரிடமிருந்து போன். விழுப்புரத்துக்காரர், எங்களிடம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார்.

"அண்ணா, வண்டிய உள்ள விடமாட்றானுங்க."

"ஏன், ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டலயா?"

"எல்லாம் மாட்டிருக்குண்ணா. வண்டி பதினோரு வருசம் ஆயிருச்சாம். பத்துக்கு மேல எடுக்கமாட்டாங்களாம்."

"போன வாரம் அதே வண்டிதான போச்சு?"

"திங்கக்கிழமைலருந்து புது ரூலாம்ணா. இந்த செக்யூரிட்டியும் புதுசு."

வண்டி 2014 மாடல். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நல்ல வண்டி, திங்கட்கிழமை கிழவன். சைட்டின் பர்ச்சேஸ் ஆபீசருக்குப் போன் போட்டால், அது சேப்டி டிபார்ட்மென்ட் முடிவு என்கிறார். சேப்டி ஆபீசரோ, பர்ச்சேஸ் ஆர்டரில் வண்டியின் வயதைப் போட வேண்டியது பர்ச்சேஸ் வேலை என்கிறார். இருவருக்கும் நடுவில், கேட்டுக்கு வெளியே, 14 டன் தூக்குகிற வண்டி வெயிலில் நிற்கிறது. போக வர டீசல், ஆபரேட்டர் சம்பளம், ஹெல்பர் பேட்டா எல்லாம் என் தலையில். உள்ளே போகாத வண்டி வந்ததாகவே கணக்கில்லை. லாக் ஷீட்டில் கையெழுத்து இல்லையென்றால் அந்த நாளே இல்லை.

இந்த இடத்தில் நான் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஹைட்ரா என்பது ஒரு கம்பெனி தன் மாடலுக்கு வைத்த பெயர். ஜேசிபி மாதிரி அந்த இனத்துக்கே பெயராகிவிட்டது. சரக்கைத் தூக்கிக்கொண்டே நடக்கிற வண்டி அது. சந்து பொந்தெல்லாம் நுழையும், வாடகையும் குறைச்சல். ஆனால் பழைய மாடலில் டிரைவர் பின்னால் உட்கார்ந்திருப்பார், கண்ணுக்கு எதிரே பூம் என்கிற தூக்குக் கை மறைக்கும். திருப்பும்போது ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும் திருப்புவதில்லை, வண்டியின் இடுப்பே ஒடிந்து திரும்பும். சரக்கு ஊசலாடுகிற சமயத்தில் இடுப்பு ஒடிந்தால் வண்டி சாய்ந்துவிடும். சரக்கு ஆடாமல் இருக்க ஹெல்பர் பையன் அதைக் கையால் பிடித்துக்கொண்டே முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நடப்பான். அவன் கால் தடுக்கினால் டிரைவருக்குத் தெரியாது. அப்படிப் போன உயிர்கள் உண்டு. அதனால்தான் பெரிய சைட்டுகள் முன்பக்கக் கேபின் வண்டியைக் கேட்கின்றன, கேமரா கேட்கின்றன, சுமை எத்தனை டன் என்று காட்டிக் கத்துகிற கருவி கேட்கின்றன. கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான். என் ஹெல்பரும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

ஆனால் கேட்கிறவர்கள் அந்தக் காசை யார் தருவது என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சின்ன கோடவுன்காரர்கள் இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு வண்டிக்கு வயதே கிடையாது, எடைக்கும் அளவு கிடையாது. 'பதினாலு டன் வண்டிதானப்பா, பத்து டன் மிஷினத் தூக்கமாட்டியா?' என்பார்கள். பூமை உள்ளே இழுத்துவைத்து, சரக்கை டயருக்கு ஒட்டினாற்போலத் தொங்கவிட்டால்தான் அது பதினாலு டன். பூமை முழுக்க நீட்டினால் அதே வண்டி மூன்று நாலு டன்னுக்கே மூச்சு வாங்கும். இதற்காகத்தான் லோட் சார்ட் என்று ஒரு அட்டவணையைக் கேபினிலேயே ஒட்டித் தருகிறார்கள். வாடகைக்கு எடுப்பவர் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. மிஷின் எத்தனை டன் என்று கேட்டால், 'ஒரு ஆறு இருக்கும்' என்பார்கள். அந்த 'இருக்கும்' என்ற சொல்லில் எத்தனை பூம் வளைந்திருக்கிறது தெரியுமா? வளைந்தபின் இன்ஷூரன்ஸ்காரர் பாலிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை செய்யும்போது வண்டி கவிழ்ந்தால் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும் சார், நீங்கள் கட்டவில்லையே என்பார்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் ரிக்கராக இருந்தவர். அவர் வாயில் 'மேலே', 'கீழே' என்று வந்து கேட்டதில்லை. தூக்கு என்றால் 'ஹாபீஸ்', இறக்கு என்றால் 'ஆரியா'. பாய்மரக் கப்பல் காலத்தில் லஸ்கர் மாலுமிகள் பேசிய பேச்சு அது. ஆரியா, இறக்கு என்ற பொருளில் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. எங்கள் ஆபரேட்டர்கள் இன்றும் அந்தச் சொல்லுக்குத்தான் லீவரைத் தொடுவார்கள். பீகார், ஜார்க்கண்டிலிருந்து வருகிற பையன்கள்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். சேப்டி டிரெயினிங்கில் மட்டும் அதைச் சொல்லக் கூடாதாம்.

அப்பா ஒரு கதை சொல்வார். மெட்ராஸ் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோது, 1881 நவம்பரில் புயல் அடித்து, அரை மைல் சுவரோடு, கான்கிரீட் பாளங்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த இரண்டு டைட்டன் கிரேன்களையும் கடலில் தள்ளிவிட்டதாம். கதை நிஜம்தான், பின்னால் புத்தகத்திலும் பார்த்தேன். வெள்ளைக்காரன் கிரேனே கடலில் போச்சு, நம்ம கிரேன் எந்த மூலைக்கு என்று முடிப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து எங்கள் ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, அப்பா இல்லாத குறைக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் உருப்படியானது ரோப் பார்ப்பது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பிடி பனியன் வேஸ்டை ரோப்பைச் சுற்றிப் பிடித்து, டிரம்மிலிருந்து கொக்கி வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கம்பி அறுந்த இடத்தில் நூல் சிக்கிக்கொள்ளும். இழுத்து முடித்தபின் திரும்பிப் பார்த்தால், எந்தெந்த இடத்தில் வெள்ளையாகத் துணி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டி. ஒரு புரி ரோப்பை முழுசாக ஒரு சுற்று சுற்றி வருகிற நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தால், ரோப்பைக் கழற்றி எறி. இதற்கு வேண்டியது பத்து ரூபாய் வேஸ்ட்டும் அரை மணி நேரமும்.

2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த, 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் இதைத்தான் வேறு பாஷையில் சொன்னது. தூக்குகிற சாதனம் எதுவானாலும், சங்கிலி, ரோப் உட்பட, வருஷத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள ஆள் முழுக்கப் பரிசோதிக்க வேண்டும். நல்ல சட்டம். நடப்பது என்னவென்றால், ஒரு சைட்டுக்கு வாங்கிய சர்டிபிகேட் அடுத்த சைட்டில் செல்லாது. அவர்கள் பட்டியலில் இருக்கிற ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதே வண்டி, அதே ரோப், அதே கொக்கி, ஒரே வருஷத்தில் நாலு சர்டிபிகேட். போன முறை வந்தவர் ஏசி காரிலிருந்து இறங்கி, வண்டியின் நம்பர் பிளேட்டோடு ஒரு போட்டோ எடுத்து, டீ சாப்பிட்டு, பணத்தை ஜிபே பண்ணச் சொன்னார். ரோப்பைத் தொடவில்லை. அவர் போனபின் நாங்கள் பனியன் வேஸ்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம்.

இத்தனை காகிதத்தில் ஒன்றுகூடக் கேட்காத ஒரு வாடிக்கையாளர் உண்டு. தலைவர் வருகிறார், ராட்சத மாலை போட வேண்டும், கிரேன் வேண்டும். முந்தின ராத்திரியே முழுப் பணமும் ரொக்கமாக வந்துவிடும். சர்டிபிகேட் வேண்டாம், வண்டிக்கு வயது வேண்டாம், ஆபரேட்டருக்குப் பிரியாணிப் பொட்டலமும் உண்டு. முப்பது வருஷத் தொழிலில் பாக்கி வைக்காத ஒரே துறை அரசியல்தான் என்றால் நம்பமாட்டீர்கள். திருவிழாவும் அப்படித்தான். பறவைக் காவடிக்குக் கேட்பார்கள், சாமிக்கு உயரத்திலிருந்து மாலை போடக் கேட்பார்கள். 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்தில், மண்டியம்மன் கோயில் விழாவில், மாலை வாங்கிச் சாமிக்குப் போட ஆட்கள் ஏறியிருந்த கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு ராத்திரி டிவியில் அதைப் பார்த்தபோது என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதுமுதல் ஆளை ஏற்றுகிற எந்த வேலைக்கும் என் வண்டி போவதில்லை. மாலைப் பணமும் போனது. சரக்கைத் தூக்கத்தான் கொக்கி, மனுஷனைத் தூக்க அல்ல என்று நான் சொன்னதற்கு, 'நீ என்னப்பா சாமிக்கே ரூல் பேசுற' என்று கேட்டவர் எனக்கு நெருங்கிய சொந்தம்.

ஆக, காசு கொடுப்பவன் விதி கேட்பதில்லை. விதி கேட்பவன் காசு கொடுப்பதில்லை.

கொடுப்பதில்லை என்றால் கொடுக்காமல் போவதில்லை, தொண்ணூறு நாள் ஆகும். மாதம் 26 நாள், நாளைக்கு 10 மணி நேரம், மொத்தம் 260 மணி என்று பேசிக்கொண்டு வண்டியை விடுவோம். மாதம் முடிந்து லாக் ஷீட்டில் கையெழுத்து வாங்கவே பத்து நாள். பிரேக்டவுன் என்று இரண்டு நாள் வெட்டுவார்கள். அதன்பின் பில். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டியை அடுத்த மாதமே நான் கட்டியாக வேண்டும். பணம் என் கைக்கு வந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வராத பணத்துக்கு வரி கட்டவும் மீட்டர் வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். கடைசியில் பணம் வரும்போது அதில் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள். சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருஷம் வரைக்கும் அந்தச் செலவைக் கணக்கில் கழிக்க முடியாது. கேள்விப்பட்டதும் ஷெட்டில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் தம்பி போன் பண்ணினான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உத்யம் சர்டிபிகேட்ட பில்லோட வெக்காதீங்க. வெச்சா உங்கள வெண்டர் லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க." நான் சிறு நிறுவனம் என்பதற்கு அத்தாட்சியே அந்த உத்யம்தான். தம்பி நல்லவன், எனக்காகத்தான் சொன்னான். வட்டியையும் சட்டத்தையும் நான் கேட்டால், அதே வேலைக்குக் கேட்காதவர்கள் மணலியில் நாலு பேர் இருக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் புது வண்டி வாங்க வேண்டும். 2014ஐ இனி எந்தப் பெரிய கேட்டும் எடுக்காது. ஷோரூமுக்குப் போனேன். சேல்ஸ் பையன் டேப்லெட்டைத் தடவித் தடவிக் காட்டினான். முன்பக்கக் கேபின், கேமரா, ஏசி. ஆபரேட்டருக்கு ஏசி என்றதும் எங்கள் விழுப்புரத்துக்காரர் முகத்தில் ஒரு வெட்கம். ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டியது கொட்டேஷன். "போன தடவை கேட்டப்ப இவ்ளோ இல்லையே தம்பி?" என்றேன். எமிஷன் சார் என்றான். 2021 ஏப்ரலில் ஒரு புகை விதி வந்தது, விலை ஏறியது. 2025 ஜனவரியில் அதற்கும் மேலே ஒன்று, மறுபடி ஏறியது. புகை குறையட்டும். மணலிக் காற்றையும் கொடுங்கையூர்க் குப்பைப் புகையையும் சுவாசித்து வளர்ந்தவன் நான், புகை வேண்டும் என்று சொல்வேனா? ஆனால் 2016 தொடக்கத்தில் லிட்டர் 50 ரூபாய்க்கும் கீழே இருந்த டீசல் 2025இல் 92ஐ ஒட்டி நின்றது. 2016இல் வாங்கிய மணிக்கூலிக்கு மேல் இன்றைக்கு எனக்கு இருநூறு ரூபாய்தான் கூடுதல், டீசலும் என்னுடையது. வாடகையைக் கூட்டிக் கேட்டால் 'மார்க்கெட் ரேட்' என்கிறார்கள். மார்க்கெட் யார்? வட்டி கட்ட வண்டி ஓடினால் போதும் என்று வந்த விலைக்கு விடுகிற என்னைப் போன்றவன்தான். முத்ரா கடன் இருபது லட்சம் வரைக்கும் உண்டு, அதுவும் முன்னே பத்து லட்சம் வரை வாங்கி ஒழுங்காக அடைத்தவருக்கு. மீதிக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே இரண்டாவது வண்டியோடு படுத்திருக்கிறது.

அதனால் செகண்ட் ஹாண்ட் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை மாதவரம் போனோம். ஒரு புரோக்கரின் யார்டு. புதுப் பெயிண்ட் வாசனையிலேயே பாதி வண்டிகளின் கதை தெரிந்துவிட்டது. ஹவர் மீட்டரை நான் பார்ப்பதே இல்லை, அது ஜாதகம் மாதிரி, எழுதுகிறவன் எழுதுவதுதான். பூமுக்குள் இருக்கிற நைலான் பேட் தேய்ந்திருக்கிறதா, இடுப்பு பின்னில் ஆட்டம் இருக்கிறதா என்று ஆபரேட்டர் கம்பி போட்டு நெம்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூலையில் ஒரு மஞ்சள் வண்டி, பெயிண்ட் அடிக்காதது. முன்பக்கக் கேபின்தான், அந்த மாடல் வந்த புதிதில் எடுத்தது. துரு இருந்த இடத்தில் துரு அப்படியே இருந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது.

அப்பாவின் சோதனை ஒன்று பாக்கி. ஐந்து டன் கான்கிரீட் பிளாக் ஒன்றைக் கொக்கியில் மாட்டி ஓராள் உயரத்துக்குத் தூக்கச் சொன்னேன். கீழே யாரும் போகாமல் கயிறு கட்டினோம். பிளாக்கின் அடிவிளிம்பு எங்கே நிற்கிறதோ அதற்கு நேராகப் பின்னாலிருந்த தூணில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. இன்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனோம். ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் போயிருந்தால் இன்ஜின் சத்தம் இல்லாத நேரத்தில் சுமை தானாக, கண்ணுக்குத் தெரியாமல் கீழே வரும். டீயையும் பஜ்ஜியையும் வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டோம். அரை மணி கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், கோட்டுக்கு நேரே பிளாக். ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை.

ஆபரேட்டர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். விலையும் கைக்குள் வருகிற விலை. சேஸிஸ் பிளேட்டின் மேலிருந்த கிரீஸைத் துடைத்தேன். 2015.

புரோக்கர் என் முகத்தைப் படித்துவிட்டார். எத்தனை முகம் பார்த்திருப்பார்.

"கேட்டு பிரச்சினையா தலைவா? பிளேட்டத்தான பாக்குறானுங்க. 2019னு ஒண்ணு அடிச்சுத் தரட்டா?"

அந்தப் பக்கம் ஒரு வண்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பையன் ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.